டைம்டேபிளா, பட்டியலா, டைமரா, வாரத் திட்டமா? நர்சிங் மாணவியின் நாளுக்கு எது தாங்கும்

செமஸ்டர் தொடங்கினால் ஹாஸ்டல் சுவர்களில் புதுப்புது டைம்டேபிள்கள் முளைக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பாடத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, காலை 4.30 முதல் இரவு 11 வரை ஒரு கட்டம்கூடக் காலி விடாமல் நிரப்பியிருப்பார்கள். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் அதன் மேல் ஈரத் துண்டு தொங்கும். ஏன் என்று கேட்டால், "என்னால முடியல மேடம், நான் சோம்பேறி" என்று தலை குனிவாள் அந்தப் பெண்.

அவள் சோம்பேறி இல்லை. விடியற்காலை எழுந்து கொண்டை போட்டு, ஏழரைக்கு வார்டில் நின்று, நகர முடியாத ஒரு பாட்டிக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, மதியம் வகுப்பில் மருந்தியலைக் கண் மூடாமல் கேட்கிறவளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வார்டிலும் வகுப்பிலும் மாணவிகளோடு பல ஆண்டுகளாக நிற்கிறேன். நான் பார்த்தவரை, பெரும்பாலும் தவறிப்போவது அவர்கள் கையில் எடுத்த முறைதான். பிளஸ் டூவில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு உதவியது, போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகிற பிள்ளைக்கு உதவுவதில்லை.

அதனால் மாணவிகள் வழக்கமாகக் கையில் எடுக்கும் நான்கு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 'மாணவி' என்று எழுதுவது வகுப்பில் அவர்களே அதிகம் என்பதால். பையன்களுக்கும் இதே கணக்குதான்.

கையில் இருப்பது எவ்வளவு?

எந்த முறை நல்லது என்று பேசுவதற்கு முன் ஒரு சாதாரண வேலை நாளைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுகிறாள். 6.45க்குக் கல்லூரி பஸ். போஸ்டிங், சாப்பாடு, வகுப்பு எல்லாம் முடிந்து ஹாஸ்டல் திரும்ப 4.45. வெளியே பத்து மணி நேரம். இரவு பத்துக்குப் படுத்தால் ஏழு மணி நேரத் தூக்கம். மாலையில் மிச்சம் ஐந்தே கால் மணி. அதில் குளியல், யூனிஃபார்ம் துவைத்து இஸ்திரி போடுவது, மெஸ் வரிசை, வீட்டுக்கு ஒரு போன், கொஞ்சம் கால் நீட்டுவது என்று இரண்டரை மணி போய்விடும். படிக்கவும் எழுதவும் நிஜமாகக் கையில் நிற்பது இரண்டே முக்கால் மணி நேரம். சுவரில் ஒட்டிய டைம்டேபிளில் பெரும்பாலும் ஆறு மணி நேரம் போட்டிருக்கும். இல்லாத மூன்றேகால் மணியை அவள் தன் தூக்கத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, ஆண்டு முறையை எடுத்துவிட்டு நான்கு ஆண்டுகளுக்கு எட்டு செமஸ்டர் என்று வைத்தது. ஒரு செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். பழைய ஆண்டு முறையில் படித்த சீனியர் அக்காமார், "கடைசி மூணு மாசம் உட்கார்ந்தா போதும்டி" என்று அன்போடுதான் சொல்வார்கள். 20 வாரத்தில் கடைசி மூன்று மாதம் என்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர். அந்த அறிவுரைக்குக் காலம் முடிந்துவிட்டது.

மணிவாரி டைம்டேபிள்

இதன் பலத்தை மறுக்க மாட்டேன். எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. மணி அடித்தால் புத்தகம் திறக்கும். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு முந்தைய ஸ்டடி ஹாலிடேஸில் இதைவிட நல்ல முறை கிடையாது, ஏனென்றால் அந்த நாட்களில் உங்கள் நேரம் முழுக்க உங்களுடையது.

போஸ்டிங் நாளில் உங்கள் நேரம் உங்களுடையது அல்ல. 12.20க்குக் கிளம்பத் தயாராகும்போது கேஷுவால்டியிலிருந்து ஒரு புது அட்மிஷன் வரும். புரொசீஜருக்குக் கையெழுத்து போட வேண்டிய மேடம் வேறு வார்டில் இருப்பார். பஸ் அரை மணி தாமதமாகும். டைம்டேபிளில் ஒரு கட்டம் சரிந்தால் அடுத்தடுத்த கட்டங்களும் சரியும். சரிந்த கட்டங்களை இரவில் நிமிர்த்தப் பார்ப்பாள். இரண்டாவது நாள் முடியாமல் போகும். மூன்றாவது நாளிலிருந்து அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காது.

இதில் மனித மனத்தின் ஒரு பொதுவான பிசகும் சேர்ந்துகொள்கிறது. ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். முன்பு எத்தனை முறை தாமதமாகியிருந்தாலும் இந்த முறை சரியாக முடித்துவிடுவோம் என்றுதான் மனம் நம்புகிறது. மணிவாரி டைம்டேபிள் அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. தவறினால் தாங்கிக்கொள்ள அதில் ஓர் இடம்கூடக் காலியாக இருப்பதில்லை.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு பக்கத்துக்கு முதல் இரண்டு செமஸ்டரில் அவர்களுக்கு ஆகும் நேரம், பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு ஆவதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். தோழியின் டைம்டேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதே ஒரு மணியில் தனக்குப் பாதிப் பாடம்தான் முடிகிறது என்று அழுத பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது, வேகத்தை ஒப்பிடாதே. நாளைக்கு எடுக்கப்போகும் பாடத்தை முந்தின நாளே ஒரு தடவை தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டு படித்துவிட்டு வா. வகுப்பு அவளுக்கு இரண்டாவது வாசிப்பாக ஆகிவிடும். மூன்றாவது செமஸ்டருக்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடுகிறது.

செய்ய வேண்டியவை பட்டியல்

வார்டு நடப்பதே பட்டியலில்தான். காலை டியூட்டி சிஸ்டரின் பாக்கெட்டில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். 6ஆம் பெட்டுக்கு சுகர் பார்க்கணும், 11ஆம் பெட்டுக்கு டிரஸ்ஸிங், 15ஆம் பெட் டிஸ்சார்ஜ். முடிந்ததும் ஒரு கோடு. மாணவிக்கும் இது பழகிவிட்டால் கைக்கு அடக்கமான முறை. நேரம் குறிக்காததால், நாள் சரிந்தாலும் பட்டியல் சரியாது.

ஆனால் இதற்கு ஒரு கள்ள வழி உண்டு. பட்டியலில் எட்டு வேலை இருந்தால் கை தானாகவே சுலபமானதைத் தேடும். அனாட்டமி ரெக்கார்டில் இதயம் வரைய வேண்டும் என்று வையுங்கள். பென்சில் சீவி, சிவப்பும் நீலமும் தீட்டி, அம்புக்குறி எல்லாம் ஒரே நீளத்தில் போட்டு, ஓரத்தில் பார்டர் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம். படம் அழகாக இருக்கும். மறுநாள் அறுவை சிகிச்சை வார்டில் அவள் கொடுக்கப்போகும் ஊசி மருந்தின் பக்க விளைவு அவளுக்குத் தெரிந்திருக்காது. அதுவும் அதே பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது.

இதற்கு மருந்து வெளியே தேட வேண்டியதில்லை. அவசர நோயாளி வந்தால் முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். காலில் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறவரைக் காத்திருக்க வைக்கும் மாணவி யாரும் இல்லை. மாலைப் பட்டியலுக்கும் அதே கண்ணைக் கொடுத்தால் போதும். நாளைக்கு நான் தொடப்போகும் நோயாளிக்குத் தேவையானது முதலில். நாளை தேதி முடிகிறது என்பது இரண்டாவது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். பட்டியல் எழுதியதும் ஓரத்தில் 1, 2, 3 போட அரை நிமிடம் ஆகும். அந்த எண் இல்லாத பட்டியலை நான் ஏற்பதில்லை.

இருபத்தைந்து நிமிட டைமர்

1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தனக்காக உண்டாக்கிய முறை இது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளிக்கு பொமடோரோ என்று பெயர், அதுவே முறைக்கும் பெயராகிவிட்டது.

வார்டிலிருந்து கால் கடுக்க வந்தவளுக்கு 'இரவு ஒன்பது வரை படி' என்பது மலை. '25 நிமிடம் மட்டும்' என்றால் உட்கார்ந்துவிடுவாள். எட்டு பேர் இருக்கும் ஹாஸ்டல் அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரே டைமர் வைத்துக்கொண்டால் அந்த 25 நிமிடமாவது அறை அமைதியாகும். மருந்தியல், நுண்ணுயிரியல், உடற்கூறு போல மனதில் ஏற்ற வேண்டிய பாடங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

டைமரை போனில் வைக்காதீர்கள். அணைக்கப் போன கை வாட்ஸ்அப்பைத் திறக்கும், ஐந்து நிமிட ஓய்வு ஐம்பது நிமிடம் ஆகும். நாடி பார்ப்பதற்காகச் செகண்ட் முள் வைத்த கைக்கடிகாரம் வாங்கியிருப்பீர்களே, மேசை மேல் அதைக் கழற்றி வைத்தால் போதும்.

அந்த 25 நிமிடத்துக்குள் என்ன செய்கிறீர்கள் என்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்துவிட்டது போல இருக்கும். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் செய்த சோதனையில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். எனவே 15 நிமிடம் படித்து, 10 நிமிடம் புத்தகத்தை மூடி எழுதுங்கள். பாதிதான் வரும். வராத பாதி எது என்று தெரிந்ததே அந்தச் சுற்றின் லாபம்.

இந்த முறையின் எல்லையும் தெளிவு. எப்படி உட்காருவது என்பதை டைமர் சொல்லும். எதற்கு உட்காருவது என்பதை அது சொல்லாது. தனியாக இதை மட்டும் நம்பினால், ஒழுங்காக உட்கார்ந்து தவறான வேலையைச் செய்து முடிக்கலாம்.

வாரத் திட்டம்

நான் இதன் பக்கம். காரணத்தையும் சொல்கிறேன்.

போஸ்டிங் எந்த வாரம் எந்த வார்டில் என்பது ரொட்டேஷன் பிளானில் முன்கூட்டியே நோட்டீஸ் போர்டுக்கு வந்துவிடும். கேஸ் பிரசன்டேஷன் தேதி, இன்டர்னல் தேதி, ரெக்கார்ட் வைக்க வேண்டிய நாள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். ஞாயிறு மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து, நடுவில் போஸ்டிங்கை எழுதி, ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதுதான் வாரத் திட்டம். மணி எழுதுவதில்லை. செவ்வாய் மாலை: கேஸ் பிரசன்டேஷனுக்கு நோயாளியின் வரலாறு முழுவதும். புதன்: மருந்தியல் இரண்டு சுற்று. இப்படி ஒரு மாலைக்கு ஒரு பெரிய வேலை, கூடவே ஒரு சின்ன வேலை. வெள்ளி மாலையில் எதுவும் எழுதக் கூடாது. வாரத்தில் எது சரிந்தாலும் வந்து விழுவதற்கான இடம் அது. எதுவும் சரியாத வாரத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள், இல்லை ஒரு படம் பாருங்கள்.

முழு செமஸ்டருக்கும் திட்டம் போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டன், டெசர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 90 பேரை வைத்துச் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். நேரத்தைக் கையாளும் பழக்கம் பற்றி ஆரம்பத்தில் கேள்வித்தாள் கொடுத்து, நான்கு ஆண்டு கழித்து மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். நாளையும் வாரத்தையும் திட்டமிடும் பழக்கமும், 'என் நேரம் என் கையில் இருக்கிறது' என்ற மனநிலையும் மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தன. நீண்ட காலத் திட்டமிடலுக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. நர்சிங் மாணவர்கள் மேல் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் வார்டில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. ஆகஸ்டில் நவம்பருக்குத் திட்டம் போட்டவளைவிட, ஞாயிறன்று வெள்ளிக்குத் திட்டம் போட்டவளின் ரெக்கார்ட்தான் நேரத்துக்கு மேசைக்கு வருகிறது.

இதன் குறை, ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மணி தவறினால் வாரம் முழுவதும் கண் கட்டியது போல ஆகிவிடும். வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பும் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி தவறும். அவர்கள் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிடுவது நல்லது.

எழுத்து வேலை: அன்றன்றைக்கா, வார இறுதியிலா?

மேலே சொன்ன முறைகளில் எதை எடுத்தாலும் கடைசியில் இந்த ஒரு தேர்வில்தான் வந்து நிற்கும். ஒரு நோயாளியிடம் கண்டதையும் அவருக்குச் செய்யும் பராமரிப்பையும் எழுதும் கேர் பிளானை அன்றைக்கே எழுதுவதா, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுதுவதா?

மொத்தமாக எழுதுவதற்குச் சாதகமாக மாணவிகள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். ஒரே மூச்சில் எழுதினால் கை ஓடும், புத்தகங்களை ஒரே தடவை விரித்து வைக்கலாம், வார நாட்களில் களைப்பு. எல்லாம் உண்மை. நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் எழுதினேன். இப்போது அதை முழு மனதோடு எதிர்க்கிறேன். காரணம் ஒரு திங்கட்கிழமை.

மூன்றாம் செமஸ்டர் மாணவி ஒருத்தி ஐந்து நாள் கேர் பிளானைக் கொண்டுவந்து வைத்தாள். நீட்டான கையெழுத்து. ஐந்து நாளும் ஒரே பேனா, எழுத்தின் சாய்வுகூட ஒரே மாதிரி. ஐந்து நாளும் பி.பி. 120/80. நாடி 82, 84, 82, 84, 82. அந்த நோயாளியை எனக்கும் தெரியும். புதன்கிழமை காலை அவருக்கு 150/100 இருந்தது. அன்றைக்குத்தான் டாக்டர் பி.பி.யைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரையை ஆரம்பித்தார். அந்த 150/100ஐ அளந்து, பதறி, வார்டு சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னதே இந்தப் பெண்தான்.

"புதன்கிழமை நீ பார்த்தது என்னம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஜாஸ்தியா இருந்துச்சு மேடம். எவ்வளவுன்னு ஞாபகம் இல்ல." கண் கலங்கிவிட்டது.

பொய் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவள் இல்லை அவள். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு, ஐந்து கேர் பிளானில் மூன்றாவதை எழுதும்போது, காலியாக இருந்த ஒரு கட்டத்தை நிரப்பினாள். நிரப்பிய கை அடுத்த ஆண்டும் நிரப்பும். சம்பளத்துக்கு வேலைக்குப் போன பிறகு, ஆள் பற்றாக்குறையான ஓர் இரவில், பார்க்காத நாடியை சார்ட்டில் எழுதும். நான் நேர மேலாண்மையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணமே அந்தக் கட்டம்தான். மதிப்பெண் இரண்டாம் பட்சம். பார்த்ததைப் பார்த்த அன்றே எழுத உங்களுக்கு நேரம் மிச்சம் வைக்கும் முறை எதுவோ, அதுவே நல்ல முறை.

நடைமுறையில் பார்த்தாலும் அன்றன்றைக்கு எழுதுவதுதான் மலிவு. வெறும் நினைவை வைத்து ஹாஸ்டலில் ஒரு கேர் பிளான் எழுத என் மாணவிகளுக்கு ஒன்றரை மணிக்கு மேல் ஆகிறது. வார்டிலேயே பாதி எழுதி வந்தவளுக்கு முக்கால் மணி போதும். அந்தப் பாதியை எங்கே எழுதுவது? யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் அடங்கும் சின்ன நோட்டில்.

போன்தான் இருக்கிறதே என்பீர்கள். பல வார்டுகளில் மாணவிகள் போன் எடுக்கவே கூடாது. கூடும் இடத்திலும் கேஸ் ஷீட்டைப் படம் எடுப்பது நோயாளியின் அந்தரங்கத்தைக் கையோடு தெருவுக்குக் கொண்டுபோவது. நோட்டிலும் பெயர் எழுத வேண்டாம், பெட் எண் போதும். நன்றாக எழுதும் ஒரு மாணவியின் பக்கம் இப்படி இருந்தது: மேலே தேதி, வார்டு. பெட் 14. காலை 8.10, டெம்ப். 99.4, நாடி 92, மூச்சு 20, பி.பி. 138/88. கீழே, செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், 12 மணிக்கு ஒருமுறை. அதற்கும் கீழே மேற்கோள் குறிக்குள், "ராத்திரி பூரா தூக்கமே இல்ல பாப்பா, கட்டு இறுக்குது." பக்கத்தில் ஓர் அம்பு: விரல் நுனி சில்லென்று இருந்தது, சிஸ்டரிடம் சொன்னேன், 8.25.

எழுத அவளுக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு பக்கத்தில் கேர் பிளானுக்கு வேண்டிய நோயாளி சொன்னதும் இருக்கிறது, அவள் கண்டதும் இருக்கிறது, செய்ததும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதை நினைவிலிருந்து எழுதியிருந்தால் 'நோயாளிக்குத் தூக்கமின்மை' என்று ஒரு வரி வந்திருக்கும். கட்டு இறுக்கியதும் விரல் குளிர்ந்ததும் போயிருக்கும்.

லீவு போட்டு ரெக்கார்ட் முடிக்கும் வழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இது கந்துவட்டிக் கடன். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு கிளினிக்கல் பகுதியிலும் 100 சதவீதம் ஆக வேண்டும். இன்று விட்ட போஸ்டிங்கை, எல்லோரும் ஊருக்குப் போன விடுமுறையில், காலியான ஹாஸ்டலில் தனியாக இருந்து ஈடுகட்ட வேண்டிவரும்.

விடியற்காலையா, நள்ளிரவா?

தேர்வுக் காலத்தில் இரவு ஒரு மணி வரை விழிப்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. வில்லியம்சன், ஃபேயர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்கள் சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர்களைப் போல, அல்லது அதைவிட மோசமாகச் செய்தார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். காலை ஐந்துக்கு எழுந்தவளுக்கு இரவு பத்து மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. அதற்கு மேல் படிப்பது ஏறுவதும் கஷ்டம், மறுநாள் காலை மருந்து அளக்கும் கைக்கும் ஆபத்து. பத்து மணிக்குப் படுத்து, தேவைப்பட்டால் நாலரைக்கு எழுந்து ஒரு டைமர் சுற்று ஓட்டுவதுதான் போஸ்டிங் நாளுக்கு ஏற்றது. இரவில்தான் மூளை வேலை செய்கிறது என்கிறவர்கள், போஸ்டிங் இல்லாத நாளுக்கு முந்தின இரவில் விழித்துக்கொள்ளலாம்.

கடைசி ஆண்டில் நைட் டியூட்டி வரும்போது இதெல்லாம் தலைகீழ். காலையில் வந்ததும் புத்தகத்தைத் தொடாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். மாலை எழுந்தபின் இரண்டு சுற்று படித்தாலே அந்த வாரத்துக்குப் போதும்.

ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய்வருவதா?

இது பெரும்பாலும் பணமும் தூரமும் தீர்மானிக்கும் விஷயம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாஸ்டலில் நேரம் மிச்சமாகும், தனிமை மிச்சமாகாது. டே ஸ்காலருக்குப் பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரம் வீண் என்று நினைக்க வேண்டாம். மருந்தின் பெயர் ஒரு பக்கம், அளவும் விளைவும் மறுபக்கம் என்று எழுதிய துண்டு அட்டைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பது. ஆறு மணிக்கு வந்த பெண் அடுப்படிக்குள் போகிறாள். கிட்டத்தட்ட அதே வயதுத் தம்பி டியூஷன் முடிந்து வந்து டிவி பார்க்கிறான். பாத்திரம் தேய்த்து, தண்ணீர் பிடித்து, எட்டரைக்கு அவள் புத்தகம் திறக்கும்போது அந்த இரண்டே முக்கால் மணியில் பாதிதான் மிச்சம். அவளுக்கு எந்த முறையைச் சொல்லிக் கொடுத்தாலும் பயன் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் அம்மா அப்பாவிடம் இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். "நாலு வருஷத்துக்கு ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் அவளைக் கூப்பிடாதீங்க. வீட்டு வேலையை எல்லாருமா பங்கு போட்டுக்குங்க." சிலர் முகம் சுளிப்பார்கள். சில அம்மாக்கள் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து, "நல்லவேளை நீங்களே சொன்னீங்க மேடம்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

எனவே யாருக்கு எது?

முதல் இரண்டு செமஸ்டரில் இருப்பவர்களுக்கு எண் போட்ட தினப்பட்டியலும் டைமரும் போதும்; வாரத் திட்டத்தை மெல்லப் பழகலாம். மூன்றாம் செமஸ்டரில் அடல்ட் ஹெல்த் நர்சிங்கும் பார்மகாலஜியும் பெத்தாலஜியும் ஒன்றாக வந்து இறங்கும்போது வாரத் திட்டம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சிரமம். ஐந்து, ஆறு, ஏழில் குழந்தை நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு என்று போஸ்டிங் இடமே மாறிக்கொண்டிருக்கும், அப்போது வெள்ளிக்கிழமையின் காலி மாலைதான் உயிர். மணிவாரி டைம்டேபிளை ஸ்டடி ஹாலிடேஸுக்காகப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பாக்கெட் நோட்டு மட்டும் முதல் போஸ்டிங் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே இருக்கட்டும்.

என் சக ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே வாரத்தில் நாலு பாடத்தின் ரெக்கார்டையும் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்வது நியாயமா? செமஸ்டர் ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை நாம் சேர்ந்து உட்கார்ந்து தேதிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாலே பாதிப் பாரம் இறங்கும். கையெழுத்துக்காக அவர்களை மாலை நான்கு மணிக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் வரிசையில் நிறுத்துவதையும் விட்டுவிடலாம். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன். 12.15க்கு வார்டு வராந்தாவில், ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஒவ்வொருத்தியாக வந்து பாக்கெட் நோட்டை நீட்டுவார்கள். எழுதியதை வாசித்துவிட்டு, நானே ஒருமுறை அந்தப் படுக்கைக்குப் போய் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். பிறகு கையெழுத்து.

அந்த 120/80 பெண் இப்போது ஐந்தாம் செமஸ்டர். போன வாரம் குழந்தைகள் வார்டில் அவள் நீட்டிய பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தாள்: "மூச்சு எண்ணவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தூங்கியதும் திரும்பப் பார்க்க வேண்டும்."